கொட்டாவிக்கு அபராதம்

(சங்ககிரியில் கூடிய லாரி ஓட்டுநர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லாரித் தொழில் அன்றும் இன்றும் என்பது எனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட விஷயம். ஒரு கிழவனைக் கூப்பிட்டு இப்படியொரு தலைப்பைக் கையில் கொடுத்தால், அவன் பழங்கதை பேசிச் சபையைச் சந்தோஷப்படுத்திவிட்டுப் போய்விடுவான் என்று நிர்வாகிகள் எண்ணியிருக்கக் கூடும். நானும் அந்த உத்தேசத்தோடுதான் புறப்பட்டு வந்தேன். ஆனால் இன்று மத்தியானம் காரியாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி வந்து, ஒன்றும் பேசாமல், தன்னுடைய பேட்டாக் கணக்குச் சீட்டை என் முன்னே வைத்தான். டீசல் இவ்வளவு, சுங்கச்சாவடி இவ்வளவு, ஏற்றுகூலி இறக்குகூலி இவ்வளவு என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் பிடித்தம் என்ற இடத்திலே, 'கொட்டாவி, மூன்று தடவை' என்று போட்டு, அதற்கு நேரே ரூபாயைக் கழித்திருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்திக்கொண்டேன். உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்காரனுக்குக் கூடக் கொட்டாவிக்குப் போடலாம் என்ற யோசனை உதிக்கவில்லை.

குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு கடைசி வரிசைவரை அமர்ந்திருக்கும் தாய்மார்களில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது சில கம்பெனி வண்டிகளில் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு சிறிய காமிராவைப் பொருத்தியிருக்கிறார்கள். அது ரோட்டைப் பார்ப்பதில்லை. ஓட்டுகிறவனுடைய மூஞ்சியைப் பார்க்கிறது. கண் இமை சற்றுத் தாழ்ந்தாலும், வாய் சற்றுத் திறந்தாலும் காது கிழியக் கத்துகிறது. கத்துவதோடு விடாமல், எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனுக்கு இந்த ஆள் கொட்டாவி விட்டான் என்று சேதி அனுப்புகிறது. அந்தப் பையனும் நாற்காலியில் சாய்ந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, அதைக் கணக்கில் குறித்துக்கொள்கிறான்.

அந்தத் தம்பி ஏன் கொட்டாவி விட்டான் என்று யாராவது கேட்டார்களா? ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஒரு பகலும் ஓர் இரவும் இறக்குவதற்காகக் காத்துக் கிடந்தான். உள்ளே கழிப்பறைக்குப் போகவும் அனுமதியில்லை. வண்டிக்கு அடியில் படுத்தால், 'வண்டியை நகர்த்து' என்று மணிக்கு ஒரு தரம் காவற்காரன் தட்டி எழுப்புகிறான். இறக்கிய கையோடு ரிட்டர்ன் லோடு ஏற்றி, நாளைப் பொழுது விடிவதற்குள் தூத்துக்குடியில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இறங்குகிறான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அந்த வண்டியில் இரண்டாவது ஆள் எங்கே? இதுதான் என் கேள்வி. இன்றைக்கு எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிக்காது.

நான் கிளீனராக வண்டியேறிய காலத்தில் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாட்டா-பென்ஸும் எண்ணூரிலிருந்து வந்த லேலண்டும்தான் நமக்குத் தெரிந்த லோகம். இஞ்சினின் அனல் தொடையைச் சுடும். மலைப்பாதைத் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டுமானால் இடுப்பிலிருந்து பலம் வர வேண்டும். ஏற்றத்தில் கொதித்துப் போகும் ரேடியேட்டருக்கு ஓடையைத் தேடி வாளியோடு அலைய வேண்டும். கல்கத்தாவுக்குப் போனவன் சௌக்கியமாக இருக்கிறான் என்பதை வீட்டுக்காரி இன்லண்ட் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அவனே திரும்பி வந்து வாசலில் நிற்பான். இன்றைக்கு ஸ்டியரிங் ஒரு விரலுக்கு இணங்குகிறது. கைபேசியில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான். இந்தச் சௌகரியங்களை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அனலிலும் புழுதியிலும் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், சகோதரர்களே!

கிளீனர் என்றால் கண்ணாடி துடைக்கிறவன் என்று பட்டணத்துக் கனவான்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வண்டியின் இடப்பக்கம் பாதி இருட்டு. அந்த இருட்டுக்குக் கண் கிளீனர்தான். கதவைத் தட்டி அவன் கொடுக்கும் சைகையை நம்பித்தான் சந்திலும் பாலத்திலும் வண்டி நுழைந்தது. மேட்டில் நின்றால் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். நிறுத்தும் இடத்திலெல்லாம் டயர்களை இரும்பால் தட்டி, சத்தத்தைக் கொண்டே எதில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். படுதாவை இழுத்துக் கட்டி, புளிய மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறாக்கிப் போடுவான்.

எல்லாவற்றிலும் பெரிய கைங்கரியம் ஒன்று உண்டு. பின்னிரவில் டிரைவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருப்பது. நான் டிரைவரான பிறகு என்னிடம் ஒரு பையன் இருந்தான், எமகாதகன். எம்.ஜி.ஆர். படக் கதையை ஆரம்பத்திலிருந்து வசனத்தோடு சொல்லிக்கொண்டு வருவான். என் தலை சற்றுச் சாய்வதைப் பார்த்தால் கதையை வேண்டுமென்றே புரட்டி, கடைசிச் சண்டையில் நம்பியாரை ஜெயிக்க வைத்துவிடுவான். எனக்கு வருகிற ஆத்திரத்தில் தூக்கம் ஓடியே போய்விடும். அடுத்த டீக்கடை வரையில் அவனோடு வாதாடிக்கொண்டே போவேன். எந்தக் காமிரா நம்பியாரை ஜெயிக்க வைக்கும்?

அந்தப் பையன் பிறகு டிரைவரானான். கிளீனராக ஏறி, வருஷக்கணக்கில் கண்ணால் பழகி, ஆளில்லாத ரோட்டில் காலி வண்டியைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் லோடு வண்டியில் கை வைப்பது என்பது நம் தொழிலின் குருகுல மார்க்கம். இப்போது டிரைவர் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று முதலாளிகள் மாநாடு கூட்டி அழுகிறார்கள். நாற்றங்காலை உழுதுபோட்டவன் நடவுக்கு நாற்றில்லை என்று அழுதால் ஊர் என்ன சொல்லும்?

இரண்டாவது ஆளை இறக்கிவிட்ட இந்தக் காரியத்தை முதலாளி தனியாகச் செய்யவில்லை. சர்க்கார் கை கொடுத்தது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், நேஷனல் பர்மிட் வாங்கிய கனரக வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்றும், ஒருவன் ஓட்டும்போது மற்றவன் கால் நீட்டிப் படுப்பதற்கு டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் முழு அகலத்துக்கு இடம் வேண்டும் என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் யாரோ, புண்ணியவான். லாரியில் ஒரு ராத்திரியாவது போயிருக்க வேண்டும். 2018-ல் அந்த இரண்டு டிரைவர் என்பதை எடுத்துவிட்டார்கள். அதே 2018 ஜூலையில் இன்னொரு உத்தரவும் வந்தது. பத்துச் சக்கர லாரி வண்டியோடு சேர்த்து 25 டன் இருக்கலாம் என்பதை 28.5 டன் ஆக்கினார்கள். ஒரே வருஷத்தில் சுமையை ஏற்றினார்கள், ஆளை இறக்கினார்கள்! ஸீட்டுக்குப் பின்னால் படுக்கை இன்னும் இருக்கிறது. அதில் இப்போது படுத்திருப்பது ஸ்டெப்னியும் தார்க்கயிறும்.

செக்போஸ்ட் சமாசாரத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வாளையாரில் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றதும், மாமூல் அழுததும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்தார்கள். 2021-ல் ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கினார்கள். லஞ்சம் குறைந்ததில் எனக்கும் ஆனந்தம்தான். ஆனால் அந்த வரிசையில் நாங்கள் தூங்கினோம், ஐயா! மாமூலுக்குக் கிடைத்த ஒரே பிரதிபலன் அந்தத் தூக்கம். வழியில் மிச்சமான நேரத்தைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்ட புத்திசாலிகள், அதில் ஒரு மணியையாவது டிரைவர் கண்ணில் போட்டார்களா?

வேடிக்கை கேளுங்கள். சரக்கோடு போகும் ஈ-வே பில் என்ற சீட்டுக்கு, 2021 ஜனவரி முதல், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் வைத்திருக்கிறார்கள். காகிதம் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போனால் போதும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிற மனிதன் அதைப்போல் மூன்று மடங்கு போக வேண்டும்! மனிதனுக்குச் சட்டமே இல்லையா என்றால், அதுவும் இருந்தது. 1961-ல் பார்லிமெண்டு செய்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்றெல்லாம் அழகாகப் பேசிற்று. பேசிவிட்டு, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த ஸ்தாபனத்துக்குத்தான் இது என்று ஓர் ஓரத்தில் எழுதியும் வைத்தது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள் நிறைந்த இந்தச் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அந்தச் சட்டத்தின் முகத்தைப் பார்த்தவர் யார்?

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டாவது ஆளுக்குப் பேட்டா கொடுக்க வேண்டும், சோறு போட வேண்டும், அவன் சங்கத்திலும் சேர்ந்து தொலைப்பான், காமிராவோ பசிக்கு அழாது என்பதுதான் அவர்களுடைய முழு வேதாந்தமும். சென்ற மாதம் இதே ஊரில் பேசிய ஒரு பாதுகாப்பு நிபுணர், டிரைவர்கள் தியானம் பழக வேண்டும் என்று உபதேசம் செய்துவிட்டு, விமானத்துக்கு நேரமாயிற்று என்று கோயமுத்தூருக்குக் காரில் பறந்தார். அந்தக் காரை ஓட்டிய பையன் முந்தின இரவு தூங்கினானோ இல்லையோ, அவர் கேட்டிருக்க மாட்டார். குளிர்சாதனம் கொடுத்துவிட்டோமே என்பவர்களும் உண்டு. 2025 முதல் தயாராகும் கனரக வண்டிகளில் அது இருந்தாக வேண்டும் என்று விதி வந்திருப்பது வாஸ்தவம், வரவேற்கிறேன். ஆனால் தூக்கமில்லாத ஒருவனைத் தனியே உட்கார்த்தி, குளிர்ந்த காற்றையும் வீசினால் அவனுக்கு என்ன வரும்? பாட்டா வரும்?

நம்முடைய சகோதர சங்கத்தார் ஒருவர், இரண்டாவது ஆள் வேண்டாம், அவனுடைய பேட்டாவையும் சேர்த்து ஒருவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய வண்டி கட்சி ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிற வண்டி. அதில் கூட முன்னால் டிரைவர், பக்கத்தில் உதவியாளர் என்று இரண்டு பேர்!

இனி ஒரு விஷயம், இதைச் சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, விபத்தில் உயிரிழப்பை உண்டாக்கிவிட்டுப் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடியவனுக்குப் 10 வருஷம் வரை சிறை என்கிறது. 2024 ஜனவரியில் வடக்கே டிரைவர்கள் வண்டிகளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கிய பிறகுதான், கலந்து பேசாமல் அமல்படுத்த மாட்டோம் என்று சர்க்கார் சொல்லிற்று. ஜூலையில் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டவனை நடுரோட்டில் விட்டு ஓடுவது மகா பாபம். அதை இந்த மேடையில் யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் கம்பும் கல்லுமாக ஓடி வருகிற கூட்டத்தின் நடுவே ஒற்றை மனிதன் என்ன செய்வான்? இரண்டு பேர் இருந்த காலத்தில் ஒருவன் அடிபட்டவனைத் தூக்கினான், மற்றவன் ஸ்டேஷனுக்கு ஓடினான். என் கண்ணால் பார்த்தது இது. ஆளையும் பிடுங்கிக்கொண்டு, ஆளில்லாததற்குச் சிறையும் வைப்பது எந்த ஊர் நீதி?

அந்தப் பாதுகாப்பு நிபுணருக்கு இங்கிருந்தே ஓர் அழைப்பு விடுக்கிறேன். நம் ஊரிலிருந்து குவாஹாத்திக்கு லோடு போய்க்கொண்டுதான் இருக்கிறது. எந்த வண்டியிலும் இடப்பக்க ஸீட்டு காலியாகத்தான் இருக்கும். அவர் ஏறிக்கொள்ளட்டும், பேட்டாவை என் கையிலிருந்து கொடுக்கிறேன். நடு ஒரிஸாவில் தியானம் செய்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

தீர்மானம் மேஜைமேல் இருக்கிறது. தொலைதூரம் போகிற வண்டியில் இரண்டாவது ஆள் ஏறாமல் நம்மில் ஒருவரும் சாவியை வாங்குவதில்லை என்பது அதன் வாசகம். காமிராக் கணக்கில் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்திருக்கிறோம். செயலாளர் வாசிக்கட்டும். சம்மதப்படுகிறவர்கள் கையைத் தூக்குங்கள். பின்வரிசைத் தாய்மார்களும் தூக்கலாம். இந்தத் தீர்மானத்தில் அவர்களுக்கு ஓட்டு உண்டு என்று அக்கிராசனரிடம் முன்னதாகவே அனுமதி வாங்கிவிட்டேன்.