கழுத்தின் நிலையுணர்வும் ஒற்றைத் தலைவலியும்



மருத்துவங் கல்லாத தமிழாசிரியர் தலைவலியைப் பற்றிப் பேசப் புகுந்தது விந்தையாகத் தோன்றலாம். இருபதாண்டுகளாக அந்நோயோடு குடித்தனம் நடத்தி வருகின்றோம் என்பதே எமக்குள்ள தகுதி.

திங்களொன்றில் 15 நாளேனும் தலைவலியிருந்து, அவற்றுள் 8 நாளேனும் ஒற்றைத் தலைவலியின் குறிகள் தோன்றி, இந்நிலை 3 திங்களுக்கு மேல் நீடிப்பின் அதனை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்பர் மருத்துவர். இந்நோயாளர் பலர்க்குக் கழுத்தும் நோகின்றது. முகத்தின் உணர்ச்சியை ஏந்தும் முக்கிளை நரம்பும், கழுத்தின் மேற்புறத்து முதல் மூன்று நரம்புகளும் மூளைத்தண்டின் அடியில் ஓரிடத்தே வந்து கூடுதலால், ஒன்றன் நோவு மற்றொன்றன் நோவாகத் தோன்றும்.

கழுத்துக்கு நோவேயன்றி ஓர் அறிவும் உண்டு. கண்ணை மூடியிருப்பினும் தலை எப்பக்கம் திரும்பியுள்ளதென்று அறிகின்றோம் அல்லவா? பிடரியின் ஆழத்துள்ள சிறுதசைகளில் செறிந்த உணர்கருவிகளே இதற்கு முதன்மையான துணை. உடல் தன் நிலையைத் தானே உணரும் இத்தகைய உணர்வுக்கு 1906-இல் பெயரிட்டவர் ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர். யாம் நிலையுணர்வு என்கின்றோம். தொல்காப்பியர் வகுத்த ஆறறிவில் இது எதன்பாற் படுமென்று மாணாக்கன் ஒருவன் வினவினான். மெய்யுணர்வில் அடக்கினோம், அவன் முழுதும் உடன்பட்டிலன்.

இவ்வுணர்வை அளக்க 1991-இல் பிரான்சு நாட்டு ரெவல் என்பாரும் அவர்தம் துணைவரும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். சுவருக்கு 90 சென்டிமீட்டர் அப்பால் அமர்ந்து, தலையிற் கட்டிய விளக்கின் ஒளி சுவரில் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மறைத்துத் தலையைத் திருப்பி, மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். ஒளி 4.5 பாகைக்கு மேல், அதாவது ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்கு மேல், விலகினால் உணர்வு பிழைத்ததென்று கொள்வர். எமக்கு ஆறு விரற்கடை விலகிற்று!

நாட்பட்ட ஒற்றைத் தலைவலியுடையாருட் சிலர்க்கு இப்பிழை மிகுதி, எல்லார்க்கும் அன்று. ஆராய்ச்சிகளும் இன்னும் ஒருமுகப்படவில்லை. நோயின் வேர் மூளையிலே உள்ளது. ஆதலின் கழுத்தே நோயை ஈன்றதென்று துணிதல் தவறு.

ஆயினும் இவ்வூரில் நடப்பதென்ன? புல்லுக்கட்டைச் சுமந்து வரப்பில் வரும் பெண், "தலை நிலைகொள்ளவில்லை" என்றால் பாசாங்கு என்கின்றோம். ஆடவரோ சவரக்கடையிற் கழுத்தைச் சொடுக்குவித்துக் கொள்கின்றனர். யாமும் ஒருகால் அங்ஙனம் செய்து இரண்டு நாள் கிறுகிறுத்துக் கிடந்தோம். கழுத்தெலும்பின் வழியே மூளைக்கேறும் தமனி அச்சொடுக்கிற் கிழிந்து பக்கவாதம் வருதலும், அரிதேனும், உண்டு. நிலையுணர்வு பிழைத்த கழுத்தைச் சொடுக்காமல், இயன்முறை மருத்துவர் காட்டும்படி மெல்லத் திருப்பிப் பழக்குதல் நன்று.

விளக்கொன்று கொணர்ந்துள்ளோம். சோதித்துப் பார்க்க விரும்புவோர் கூட்டம் கலைந்தபின் கீழ்ச்சுவரருகே வருக.