தாடைக் கட்டியும் முப்பரிமாணப் படமும்

(பல் மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல் வலித்தால் ஓடி வருகிறோம். தாடை எலும்புக்குள் வளரும் கட்டிகளோ பெரும்பாலும் வலிப்பதே இல்லை. சொத்தைப் பல்லின் வேர் நுனியிலோ, முளைக்காத கடைவாய்ப் பல்லைச் சுற்றியோ நீர்க்கட்டியாகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் எலும்பைக் கரைக்கும். கன்னம் புடைத்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

வழக்கமான எக்ஸ்ரே ஒரு நிழல்தான். தேங்காயின் நிழலும் தட்டின் நிழலும் சுவரில் ஒரே வட்டமாகத்தானே விழும்? கட்டியின் தடிப்பை அது சொல்லாது. இக்குறையைத் தீர்க்க வந்தது கூம்புக் கதிர் சிடி. இத்தாலியின் வெரோனாவில் மோசோ குழுவினர் 1998இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கருவி தலையைச் சுற்றி வந்து எடுக்கும் படங்களைக் கணினி ஒன்றுசேர்த்து, தாடையை எந்தத் திசையிலும் மெல்லிய வில்லைகளாகக் காட்டும்.

கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். கட்டி அந்த நரம்பை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது அறுவைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கெரட்டோசிஸ்ட் என்பது முகத்தை அதிகம் புடைக்கவைக்காமல் எலும்பின் நீளவாட்டில் ஊர்ந்து செல்லும். அமெலோபிளாஸ்டோமா எலும்பைப் பக்கவாட்டில் உப்பவைத்து, பல் வேர்களையும் கரைக்கும்.

ஆனால் படம் கட்டியின் பெயரை உறுதியாகச் சொல்லாது. உள்ளே இருப்பது நீரா, சதையா என்றுகூடத் தெளிவாகக் காட்டாது. சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே தீரவேண்டும். சாதாரண நீர்க்கட்டியைத் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் போதும். அமெலோபிளாஸ்டோமாவை அப்படி எடுத்தால் மீண்டும் முளைக்கலாம். சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து அகற்ற நேரிடும். கெரட்டோசிஸ்டையே உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் கழலை என்று வகைப்படுத்தி, 2017இல் மீண்டும் நீர்க்கட்டியாக்கியது. நிபுணர்களுக்கே இப்படியென்றால், படத்தை மட்டும் பார்த்து நான் எப்படித் தீர்ப்புச் சொல்வேன்?

"கத்தி பட்டால் பரவிவிடும் டாக்டர், ஸ்கேன் போதுமே" என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்த அச்சத்தில் கடத்தும் மாதங்களில்தான் எலும்பு போகிறது.

இதில் கதிர்வீச்சு சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட அதிகம். மருத்துவமனையின் பெரிய சிடியைவிடப் பொதுவாகக் குறைவு. ஆகவே தேவைப்பட்டவருக்கு மட்டுமே எடுக்கவேண்டும்.

கருவி வாங்கித்தர விரும்பும் புரவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முழுவதையும் படித்துச் சொல்லும் நிபுணருக்கும் சேர்த்தே வழி செய்யுங்கள். ஒரு பல்லுக்காக எடுத்த படத்தின் மூலையில் வேறொரு கட்டி ஒளிந்திருக்கக்கூடும். அதைக் காணவும் ஆள் வேண்டுமல்லவா?