"தெரியாது" என்று சொல்லும் துணிவு
(யூபிலி விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்பது நன்றி கூறும் காலம். ஆயினும் இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு என் உரையைத் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்து, "சாமி, இவனை என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் படிக்கட்டும் அம்மா, வேலை நிச்சயம்" என்றேன். சற்றும் யோசிக்கவில்லை. நகைகளை அடகு வைத்துப் படிக்க வைத்தார்கள். வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை நகரத்தில் கிடைத்தது. சென்ற ஆண்டு, அதை இயந்திரமே செய்துவிடும் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பியவன் என்னைக் குறை கூறவில்லை. "இனி என்ன செய்யட்டும் சாமி?" என்றுதான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், செயற்கை நுண்ணறிவு என்ற சொல் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. எண்ணற்ற நூல்களையும் செய்திகளையும் கொண்டு பழக்கப்பட்ட இயந்திரம் அது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே பேசுகிறது. இம்மலருக்காக நம் பங்கின் வரலாற்றை அப்படியொரு இயந்திரத்திடம் கேட்டேன். அழகான தமிழில் எழுதித் தந்தது. அதில் ஒரு குருவின் பெயர் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை! தெரியாததையும் தெரிந்ததைப் போலவே, அதே உறுதியான குரலில் சொல்லியிருந்தது. சிரிப்பு வந்தது, உடனே வெட்கமும் வந்தது. அதே குரலில் அல்லவா நானும் அந்தத் தாயிடம் "வேலை நிச்சயம்" என்றேன்?

நிச்சயமின்மை இந்தச் சீமைக்குப் புதிதா? வானம் பார்த்த பூமி இது. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற கதையை நீங்கள் அறிவீர்கள். 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது. கடன்பட்டவர்களின் நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டின் முடிவில், கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. நிலமிழந்த குடியானவரின் கண்ணீரும் அதில் உண்டு. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. ஆயிரமாயிரம் இந்தியர் காட்டுவழியே கால்நடையாய்த் திரும்பினர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. பத்திரம் இருந்தது, நிலம் இல்லை.

அதே காலத்தில்தான் அழகப்பர் 1947-இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். ஐம்பது வயது நிறையுமுன், 1957-இல் அழகப்பர் மறைந்தார். நாளை நடப்பது அவருக்கும் தெரியாது. இன்று செய்ய வேண்டியது தெரிந்திருந்தது.

திருச்சபையும் இதைக் கவலையோடு நோக்குகிறது. ஆலைத்தொழில் பெருகிய நாளில், தொழிலாளர் உரிமைக்காக 1891-இல் சுற்றுமடல் எழுதினார் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, அவர் நினைவாகவே இப்பெயரை ஏற்றதாகக் கூறி, செயற்கை நுண்ணறிவு தொழிலாளர்க்கு எழுப்பும் சவாலையும் சுட்டிக்காட்டினார்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, இயந்திரம் சொன்னாலும் சாமியார் சொன்னாலும் விசாரித்துப் பாருங்கள். இரண்டு, பிள்ளைகளுக்கு ஒரே தொழிலை நம்பும் படிப்போடு நிறுத்தாமல், கைத்தொழில் ஒன்றும் கற்றுக்கொடுங்கள். மூன்று, வேலை இழந்தவனைத் தனியே விடாதீர்கள். "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று கோயில் வாசலில் கேட்பதை நிறுத்தி, அவன் வீட்டுக்கு ஒருநாள் போய் வாருங்கள்.

நானும் போனேன். "அம்மா, அன்று தெரியாமலே சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன். "யாருக்குத்தான் தெரியும் சாமி, உட்காருங்கள்" என்று காப்பி கொடுத்தார். அந்தத் தம்பி இப்போது ஒரு மின்பணியாளரிடம் தொழில் பழகுகிறான். அது நிலைக்குமா? தெரியாது. ஆனால் இந்த முறை அவன் தனியாக இல்லை. அப்படியே இருக்க நீங்களும் துணை நில்லுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.