ஒடுக்கு எடுக்கும் வித்தை



நான் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் அதற்கு நேர்மாறான வேலை. டிங்கர் பட்டறையில் உட்கார்ந்து பழைய கார்களுக்கு ஒடுக்கு எடுப்பேன். "இன்ஜினீயருக்கு இது எதுக்குய்யா?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்கிறார்கள்.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பிரிமியர் பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. இனி இந்த வண்டிகளுக்குப் புது மட்கார்டு கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் வேறொரு பழைய வண்டியில் கழற்றியதுதான் கிடைக்கும். அதனால் வண்டியில் இருக்கிற தகட்டைக் கெடுத்தால் கெட்டதுதான்.

நம் லேபில் யூ.டி.எம். மெஷினில் மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்தோமே, ஞாபகம் இருக்கா? யீல்ட் பாயிண்ட்டுக்குள் விட்டுவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே வந்துவிடும்; தாண்டினால் வராது. சாப்பாட்டுத் தட்டு அளவு ஒடுக்கு ஒன்றில் இந்த இரண்டுமே இருக்கும். குழியின் பெரும்பகுதி திரும்பி வரத் தயாராகவே இருக்கிறது. அதை வரவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஓரத்தில் எழும்பி நிற்கும் வரப்பும், கூர்மையாக மடிந்த கோடும்தான். மடிந்த இடம் இறுகியும் போயிருக்கும்.

புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் நேராகக் குழியின் நடுவில் ஸ்லைடு ஹேமரை மாட்டி இழுப்பார். நடுவில் கொம்பு மாதிரி ஒரு மேடு வரும். சுற்றிலும் குழி அப்படியே இருக்கும்! கடைசியாக மடிந்தது எதுவோ, அதுதான் முதலில் பிரியணும். பெரும்பாலும் அது வெளிவரப்பு. உள்ளங்கையில் அடங்கும் டாலி என்கிற இரும்புக்கட்டியை உள்ளேயிருந்து குழியின் அடியில் அழுத்திப் பிடித்து, வெளியே வரப்பின்மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். வரப்பு இறங்க இறங்கக் குழி தானே எழும்பும்.

சுத்தியலுக்கு நேர் கீழேயே டாலியைப் பிடித்து அடிப்பது வேறு சமாச்சாரம். இரண்டு இரும்புக்கு நடுவே தகடு மெலிந்து பரப்பு கூடிவிடும். கடைசி மட்டம் பார்க்க நாலு தட்டு தட்டலாம், அவ்வளவுதான். காதாலேயே வித்தியாசம் தெரியும்: நேர் அடி 'கிணீர்' என்கும், விலகிய அடி மந்தமாகக் கேட்கும். பட்டறையில் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டே "டேய், இழுக்குது" என்று சத்தம் போடுவார்.

பரப்பு கூடிய தகடு டின் மூடி மாதிரி 'டொக் டொக்' என்று உள்ளே வெளியே போய்வரும். அதைச் சுருக்க நெருப்பு வேண்டும். காஸ் டார்ச்சால் காசு அளவை விடச் சின்னப் புள்ளியைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு பக்கவாட்டில் விரிய விடாததால் அந்தப் புள்ளி மேடாக எழும்பும். அதை உடனே தட்டித் தணித்து ஈரத்துணியை வைத்தால், சுருங்கும்போது சுற்றுத்தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தெர்மல் எக்ஸ்பான்ஷன் கணக்குதான். நாங்கள் பரீட்சைக்குப் போட்டோம், அவர் கையால் போடுகிறார்.

உள்ளே கை போகாத இடங்களில், அந்தக் காலத்தில் டிரில்லால் ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி இழுத்தார்கள். ஓட்டையைப் பட்டியால் அடைத்துவிட்டுப் போனதில், பின்பக்கத்து ஈரம் ஏறித் துருப்பிடித்த கதவுகள் எத்தனையோ. இப்போது சின்ன ஆணியைத் தகட்டின்மேல் வெல்டு வைத்து, இழுத்து, வெட்டி, கிரைண்டரில் தேய்த்துவிடலாம். பெயின்ட்மேல் பசை வைத்து இழுக்கும் செட்டும் வந்திருக்கிறது. ஆனால் நாலைந்து தடவை பெயின்ட் அடித்த வண்டியில் ஒடுக்குக்குப் பதில் பெயின்ட்தான் பிய்ந்து வரும்.

பட்டியே கூடாதென்று நான் சொல்லவில்லை. கடைசி 1, 2 மில்லிமீட்டருக்கு அது வேண்டும். விரல் கனத்துக்கு அப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டாத இடத்தில் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பழைய அம்பாசிடர் கதவு ஒன்றை நம் ஒர்க்‌ஷாப்பில் வைஸ் பெஞ்ச் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். நாலு ஒடுக்கு இருக்கிறது. இரண்டு டாலி, மூன்று சுத்தியல் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் வாருங்கள். பட்டுவேட்டிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.