வெள்ளிக்கிழமையும் வியாபாரமும்
(ஈசூனில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



"யூதர்களுக்குச் சனி, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு; நமக்கு வெள்ளிதான் ஓய்வு நாளா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இதற்கான பதில் வியாபாரிகளான நமக்கும் தேவை.

இந்த மூன்று நாள்களையும் நம் சிங்கப்பூரில் நடந்துபோகும் தூரத்திலேயே பார்க்கலாம். பென்கூலன் பள்ளிவாசலில் வெள்ளி மதியம் தமிழில் குத்பா நடக்கிறது. பக்கத்துத் தெருவான வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-ல் கட்டிய மகாயின் அபோத் யூத ஆலயம் இருக்கிறது. அதே வெள்ளி மாலை சூரியன் மறையும்போது அவர்களின் சபாத் தொடங்கி, சனி இரவுவரை நீடிக்கிறது. ஓபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயத்தில் ஞாயிறுதோறும் தமிழில் திருப்பலி. கிறிஸ்தவர்களிலேயே அட்வென்டிஸ்ட் சபையினர் சனிக்கிழமைதான் சரியான நாள் என்கிறார்கள். மலாய் நாட்காட்டியில் சனிக்கிழமையின் பெயரே 'சப்து'.

தவ்ராத்தின்படி, இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான். திருக்குர்ஆனும் ஆறு நாள் என்றே சொல்கிறது. ஆனால் எந்தக் களைப்பும் அவனைத் தீண்டவில்லை என்று காஃப் அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. ஆகவே நம் வெள்ளிக்கிழமை ஓய்வு நாள் அல்ல. ஜும்ஆ அத்தியாயம் இடும் கட்டளை இதுதான்: பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள். காலையிலும் விற்கலாம், மாலையிலும் விற்கலாம். நடுவில் அந்த நேரம் மட்டும் அவனுக்கு.

அரசாங்க விடுமுறை வேறு விஷயம். பாலத்துக்கு அப்பால் ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறை. 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு. ஐக்கிய அரபு அமீரகமும் 2022-ல் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கியது. விடுமுறை மாறினாலும் ஜும்ஆ மாறவில்லை.

கடலோர ஊர் மக்களின் கதையை அஃராஃப் அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். அவர்களுக்கு சப்து நாளில்தான் மீன் துள்ளிக்கொண்டு வரும். மற்ற நாளில் வராது. இந்தச் சோதனை கடை வைத்திருப்பவனுக்கு நன்றாகப் புரியும். வாரம் முழுக்க எட்டிப் பார்க்காத வாடிக்கையாளர் பாங்கு நேரத்தில்தான் பெரிய ஆர்டரோடு வந்து நிற்பார்.

அப்போது சில கடைகளில் என்ன நடக்கிறது? முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார். ஊரிலிருந்து வந்த முஸ்லிம் பையன் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறான். ஜும்ஆ அவனுக்கும் பர்ளு அல்லவா? யூதர்களுக்கு இடப்பட்ட கட்டளையில்கூட, வேலையாளும் கால்நடையும் சேர்ந்தே ஓய வேண்டும் என்றிருக்கிறது. நிறுத்தினால் எல்லோருக்குமாக நிறுத்த வேண்டும் என்பது அதன் உட்பொருள். நாள் எது என்ற வாதத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றரை மணி நேரம் கடையை அடைத்தால் சிறிது நஷ்டம் வரலாம். அடைக்க முடியாதவர்கள் பிற சமயத்துப் பணியாளர்களை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, ஞாயிறு ஆராதனைக்கும் தைப்பூசத்துக்கும் அவர்களுக்கு முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுப்போம். லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதான் கூட்டம் அதிகம் என்பது நமக்குத் தெரியும், தெரிந்தே கொடுப்போம்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் கணவரிடமும் மகனிடமும், "கடைப் பையன் தொழப் போனானா?" என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணின் ஓய்வு நாளையும் மறக்காதீர்கள்.

நம் தொழிலிலும் நம்மிடம் உழைப்பவர்களின் வாழ்விலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.