கம்ப்யூட்டர் தொழிலும் நம்ம பஞ்சாயத்துப் பணமும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறோம்.

அன்றைக்கு நாம் குழுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் பயிற்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நம்ம பகுதியில் கம்ப்யூட்டர் தொழில் வளரணும்னா ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் தங்கள் பங்குக்குப் பணம் ஒதுக்கணும் என்று சொன்னோம். உடனே அந்த அக்கா எழுந்திருச்சு, "ஏம்மா, குழாயில தண்ணி நாலு நாளைக்கு ஒருக்க வருது. அதைச் சரி பண்ணக் காசில்லேங்கிறாங்க. இதுல கம்பெனிக்காரனுக்கு நம்ம பஞ்சாயத்துப் பணத்தைக் குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டாங்க. எல்லோரும் கை தட்டினீங்க.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள்தான் விளக்கமாகச் சொல்லவில்லை. கம்பெனிக்குப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த வேலை நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற மாதிரி வழி செய்யத்தான் ஊர்ப் பணம் செலவாகணும். அந்த வழி என்ன என்பதைப் பார்ப்போம்.

நம்ம பிழைப்பு

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் நம்ம உறுப்பினர்களுக்குக் கை நிறைய வேலை. பேரருவி, ஐந்தருவிப் பக்கம் பழம், பலகாரம், துண்டு, எண்ணெய் என்று விற்கிறோம். லாட்ஜுகளில் கூட்டிப் பெருக்குகிறோம். சாரல் பொய்த்துப் போனால் அந்த வருஷம் வாங்கிய கடனைக் கட்டுவதே சிரமம். மற்ற ஒன்பது மாதமும் பெரும்பாலானவர்களுக்குப் பீடித் தட்டுதான் சோறு போடுது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு, தூள் வாசத்தில் நெஞ்சு போச்சு. "எம் மகளாவது இதைத் தொடக் கூடாது" என்று சொல்லாத தாய் நம்ம குழுக்களில் உண்டா?

பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். பிளஸ் டூ முடிச்சாச்சு, டிகிரியும் முடிச்சாச்சு. அப்புறம்? சென்னைக்கும் திருப்பூருக்கும் அனுப்ப மனசு வரல. கடைசியில் அந்தப் பிள்ளையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுது.

மத்தளம்பாறைக்கு வந்தது

2011-ஆம் ஆண்டு தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி தன் அலுவலகத்தைத் தொடங்கியது. ஸ்ரீதர் வேம்பு என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996-இல் ஆரம்பித்த கம்பெனி அது. வெளியாள் முதலீடு வாங்காமல் சம்பாதித்த பணத்திலேயே வளர்ந்த கம்பெனி. சிறிய குழுவாக ஆரம்பித்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடமாகிவிட்டது. உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் பயன்படுத்துகிற 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் இங்கே உருவானது. வாடிக்கையாளர் சொல்லும் குறைகளைப் பதிவு செய்து பதில் அனுப்புவதற்கான மென்பொருள் அது.

அந்தக் கம்பெனி நடத்துகிற பயிற்சிப் பள்ளியும் இங்கே இருக்கிறது. 2005-இல் சென்னையில் தொடங்கிய ஏற்பாடு அது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆக, இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வேலை என்று நாம் நினைச்சுக்கிட்டிருந்தது சரியில்லை.

அப்படியானால் எல்லாம் தானா நடந்துடும், ஊராட்சி எதுக்கு என்று கேட்கலாம். கம்பெனி ஊருக்குள் வருவது வேறு, நம்ம பிள்ளை அந்தக் கம்பெனி வாசலுக்குள் போவது வேறு. நடுவில் ஒரு தூரம் இருக்கு. அதைக் கடக்க வைப்பதுதான் உள்ளாட்சியின் வேலை.

ஒரு பிள்ளையின் கதை

எங்கள் பொறுப்பில் உள்ள ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை. அம்மா பீடி சுற்றுகிறவர். குழுவில் உள்கடன் வாங்கி, தென்காசியில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தார். நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டோம். சாயங்கால வகுப்பு. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது ஏழரை மணி ஆகிவிடும். அங்கிருந்து வீடு அரை கிலோமீட்டர். வழியில் மூன்று தெருவிளக்கு எரியவில்லை. இருட்டில் பையன்கள் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். அம்மா கொஞ்ச நாள் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். பிறகு அவருக்கு முட்டு வலி. இரண்டாவது மாதம் பிள்ளையை நிறுத்திவிட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "வெளிச்சம் இருந்தா அனுப்புவேன்."

ஊரில் மனு கொடுத்தார்கள். விளக்கு எரிய ஏழு மாதம் ஆச்சு. அதற்குள் அந்த வகுப்பே முடிந்துவிட்டது. கடன் மட்டும் மிச்சம். இதில் எங்கள் தவறும் இருக்கிறது. கடனுக்கு ஏற்பாடு செய்தோம், வகுப்புக்கு ஏற்பாடு செய்தோம், ராத்திரி அந்த ரோட்டில் ஒரு தடவை நடந்து பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறோம், தெருவிளக்குக்கு ஒதுக்குகிற பணமும் கம்ப்யூட்டர் தொழிலுக்கு ஒதுக்குகிற பணம்தான்.

யார் எதைச் செய்வது?

பெரிய கட்டிடம் கட்டுவது மாநில அரசின் வேலை. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து சென்னையில் கட்டிய டைடல் பார்க் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் சிறிய அளவில் 'நியோ டைடல்' பூங்காக்கள் திறந்தார்கள். தூத்துக்குடிப் பூங்காவுக்கு மட்டும் சுமார் 32 கோடி ரூபாய். இதெல்லாம் ஊராட்சியால் ஆகிற காரியமில்லை. ஊராட்சியால் ஆவது ரோடு, விளக்கு, தண்ணீர், கழிப்பறை, பொது இடத்தில் இன்டர்நெட் வசதி.

இந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் சட்டனூகா என்று ஒரு நகரம். 2010-இல் அங்கே ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஜனம். அந்த நகரத்துக்கென்று சொந்தமாக ஒரு மின்வாரியம் உண்டு. அந்த மின்வாரியம் தனியார் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மத்திய அரசிடம் சுமார் 11 கோடி டாலர் மானியம் வாங்கி, மீதிக்குக் கடன் பத்திரம் போட்டு, கண்ணாடி இழைக் கம்பியைத் தானே இழுத்தது. 2010-இல் மிக வேகமான இன்டர்நெட் வீடுகளுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் புதுசு புதுசாகக் கம்பெனிகள் அந்த ஊரைத் தேடி வந்தன.

2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது, அந்த மின்வாரியமும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு வீட்டில் இலவசமாக இன்டர்நெட் கொடுக்கத் திட்டம் போட்டார்கள். கம்பி பொதுச் சொத்தாக இருந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது. நம்ம வீடுகளில் அந்த வருஷம் என்ன நடந்தது? ஒரு போன், மூன்று பிள்ளைகள். சிக்னலுக்காக மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். போன் முதலில் பையன் கைக்குத்தான் போச்சு, பொம்பளப் பிள்ளைக்கு மிச்ச நேரம்தான்.

நம்ம மாநிலத்திலும் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் போடப்பட்டது. பல ஊர்களில் சேவை மையக் கட்டிடமும் இருக்கிறது. உங்க ஊரில் கம்பி வந்துவிட்டதா, லைன் வேலை செய்கிறதா, கட்டிடச் சாவி யாரிடம் இருக்கிறது? விசாரித்துப் பாருங்கள்.

பணம் எங்கே இருக்கு?

அக்கா சொன்ன தண்ணீர்ப் பிரச்சினைக்கு வருவோம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரைக்கும் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. தண்ணீர்ப் பணத்தை வேறு எதற்கும் எடுக்க முடியாது. எடுக்கவும் வேண்டாம். மீதி 40 சதவீதத்தைச் சம்பளத்துக்குச் செலவழிக்கக் கூடாது, ஊரின் தேவைக்குச் செலவழிக்கலாம். அந்தத் தேவை என்ன என்று தீர்மானிக்கிற இடத்தில் நாம் இருந்தோமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு பணம் தொழில் வரி. மாதச் சம்பளம் வாங்குகிற ஆசிரியர், பேங்க் ஊழியர், கம்பெனி ஊழியர், கடைக்காரர் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டியது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குக் கிடையாது. அதனால் நம்மில் பலருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். வேலை செய்கிற இடம் எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறதோ, அந்த உள்ளாட்சிக்குத்தான் இந்தப் பணம் போய்ச் சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு பேர் முழு அளவு கட்டினால் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். அந்தப் பணத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து தெரு வரைக்கும் விளக்குப் போட முடியாதா? கம்பெனி வந்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால், வேலைக்கு அடுத்தபடி இந்த வரிதான். வந்த வரி அடுத்த பிள்ளைக்கு வழி செய்யப் போகணும்.

குற்றாலம் பேரூராட்சி, தென்காசி நகராட்சிப் பகுதிச் சகோதரிகளுக்கும் இதே கணக்குத்தான். லாட்ஜ், ஹோட்டல், கடை வைத்திருப்பவர்கள் தொழில் வரி கட்டுகிறார்கள். சீசனில் வருகிற பணத்தில் ஒரு பங்கு, சீசன் இல்லாத மாதத்துக்கும் வேலை தேடித் தருகிற வழியில் செலவாகட்டும் என்று நாம் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்தான். நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 2022 முதல் பகுதி சபா கூட்டம் நடக்கிறது.

3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 200 பேர் வந்தாக வேண்டும். ஒரு ஊரில் பத்துக் குழு இருந்தால் நாமே 150 பேருக்கு மேல் இருப்போம். நாம் போகாவிட்டால் கூட்டமே கூடாது. இது எவ்வளவு பெரிய பலம்! ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போகிறோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், டீ குடிச்சிட்டு வந்துடுறோம்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது நான்கு விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

1. போன வருஷம் தொழில் வரி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? வரவு செலவுக் கணக்கில் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் எத்தனை விளக்கு எரியவில்லை? குழுவாக ஒரு ராத்திரி நடந்து எண்ணி, பட்டியலோடு போங்கள்.

3. ஊராட்சிக் கட்டிடத்தில் இன்டர்நெட் லைனோடு ஒரு அறை வேண்டும். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் போதும். சாயங்காலம் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குழு ஏற்கும் என்று சொல்லுங்கள்.

4. அந்த அறைக்குப் பக்கத்தில் பெண்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை.

மனுவாகக் கொடுத்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். நம்ம குழுத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி விடுபட்டால் எப்படிச் சண்டை போடுகிறோம்! அதே கண்டிப்பு அங்கேயும் வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் வேலை கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தேர்வு இருக்கிறது, போட்டி இருக்கிறது. ஆனால் தேர்வில் தோற்பது வேறு, இருட்டு ரோட்டில் தோற்பது வேறு. இரண்டாவது தோல்வி நம்ம ஊர் நினைத்தால் நடக்காது.

நாங்கள் சொன்ன அந்தப் பிள்ளை இப்போ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுது. விளக்கு எரியுது. கடனில் பாதி அடைஞ்சிருச்சு. அடுத்த வகுப்புக்கு அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்கப் போகிறோம். இந்தத் தடவை ராத்திரியில் அந்த ரோட்டில் நடந்து பார்த்துவிட்டுத்தான் கேட்போம். உங்க ஊரிலும் நடந்து பார்த்து எண்ணிய கணக்கை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.