சிலுவைன்னா என்னப்பா?

இன்னிக்கு எபிசோடு, பிள்ளைகளைக் கோயிலுக்கும் சண்டே ஸ்கூலுக்கும் கூட்டிட்டுப் போற அப்பா அம்மாக்களுக்கு. "சிலுவைன்னா என்னப்பா?"ன்னு ஆறு வயசுப் பிள்ளை கேட்டா என்ன சொல்றது?

நான் சாப்ட்வேர் ஆள். அதனால முதல்ல என் பக்கத்து உதாரணம். கம்ப்யூட்டர்ல 'சேவ்' பட்டன் ஒரு ஃப்ளாப்பி படம். இன்னிக்குப் பிள்ளைங்க ஃப்ளாப்பியைப் பார்த்ததே இல்லை. ஆனா அழுத்தினா ஃபைல் சேவ் ஆகும்னு தெரியும். பட்டனுக்கு அது போதும், விசுவாசத்துக்குப் போதாது. 'சிலுவைன்னா அன்பு, மெழுகுவர்த்தின்னா ஒளி'ன்னு மனப்பாடம் பண்ண வெச்சா, பிள்ளைக்கு ஐகான் மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னால இருக்கிற பொருளும் கதையும் தெரியாது.

சிலுவை, ரோமானியர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொன்ன மரம். அவமானச் சின்னம். முதல் சில நூற்றாண்டுகள்ல கிறிஸ்தவர்கள் அதை அதிகமா வரையலை. ரோம் நகரத்து நிலத்தடிக் கல்லறைகள்ல நாம பார்க்கிறது மீன், நங்கூரம், ஆட்டைத் தோள்ல சுமக்கிற மேய்ப்பன். சின்னப் பிள்ளைக்கு அந்த மேய்ப்பன்ல இருந்தே ஆரம்பிக்கலாம். விழுப்புரம் பக்கம் ஆடு மேய்க்கிறதைப் பார்க்காத பிள்ளையா? சிலுவையைப் பத்திக் கேட்டா மழுப்பாதீங்க. "இயேசுவை இதுலதான் கொன்னாங்க. அவர் கொன்னவங்களை மன்னிச்சார். மூணாம் நாள் உயிரோட எழுந்தார். அதனால நாம இதைப் பார்த்துப் பயப்படுறதில்லை." அவ்வளவு போதும். ரத்தத்தையும் காயத்தையும் இப்பவே விவரிக்க வேண்டாம்.

அடுத்தது குருத்தோலை. பனைக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்லை. ஓலையைக் கிழிச்சு சிலுவை மடிக்கச் சொல்லிக் கொடுங்க. கத்தோலிக்க வீடுகள்ல அதைச் சாமி படத்துல செருகி வெப்பாங்க. வருஷம் முழுக்க அது காயும். தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னால அந்தப் பழைய ஓலையைக் கோயில்ல எரிச்சு, அந்தச் சாம்பலைத்தான் புதன்கிழமை நெத்தியில பூசுறாங்க. பச்சை ஓலை சாம்பல் ஆனதைப் பார்த்த பிள்ளைக்கு, 'நாமும் மண்ணுதான், மனம் திரும்பணும்'ங்கிறதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளுக்குத் தமிழ்ல திருநீற்றுப் புதன்னு பேர். பெரியவங்க விபூதிப் புதன்னும் சொல்வாங்க. ஸ்கூல்ல பக்கத்து பெஞ்சுப் பையன் நெத்தியிலயும் திருநீறு இருக்கும். "ரெண்டும் ஒண்ணா?"ன்னு உங்க பிள்ளை கண்டிப்பா கேட்கும். "இல்லப்பா. அவங்க வீட்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்கு. அவன்கிட்டயே கேளு, நம்மளோடதையும் சொல்லு." இப்படிக் கேட்டுப் பழகின பிள்ளை, அடுத்தவங்க அடையாளத்தைக் கேலி பண்ணாது. இன்னிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னும் ஒண்ணு. சிலுவை சுவத்துல மட்டும் தொங்கினா பிள்ளைக்கு அது அலங்காரம்தான். அதுக்கு வாழ்க்கையில என்ன அர்த்தம்னு காட்ட, திண்டிவனத்துலயே ஒரு கதை இருக்கு. 1890களில் ஒரு ராத்திரி. மிஷனரி டாக்டரோட மகள் ஐடா ஸ்கடர் வீட்டுக்கு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா மூணு பேர் வந்தாங்க. மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி. "அப்பா டாக்டர், அவர் வருவார்"னு ஐடா சொன்னாங்க. ஆண் டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. மிஷனரியா இருக்கவே விரும்பாத ஐடா, அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூர்ல சின்னதா வைத்தியத்தைத் தொடங்கினாங்க. அதுதான் இன்னிக்கு சி.எம்.சி. இந்தக் கதையைச் சொல்லிட்டு, சிலுவையைக் காட்டி, "இவங்க எதை விட்டுக் கொடுத்தாங்க?"ன்னு கேளுங்க. பதிலைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இந்த ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிஞ்சதும் உடனே கிளம்பிடாதீங்க. பிள்ளை கையைப் பிடிச்சுக் கோயிலை ஒரு சுத்து சுத்துங்க. ஒரே ஒரு பொருளை அதுவே காட்டட்டும். அர்த்தத்தைச் சொல்றதுக்கு முன்னால அதோட கதையைச் சொல்லுங்க. கதை தெரியலைன்னா ஃபாதரையோ ஐயரையோ ரெண்டு பேருமா சேர்ந்து போய்க் கேளுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.